எழுப்ப முடியாத மயக்கம்

பலா பழுத்திருந்த ஒரு காலையில், புதூர்நாட்டில் எங்கள் நிலத்து ஓரத்திலேயே கரடி என் கணவரின் முகத்தைக் கிழித்துவிட்டது. ஜீப்பில் மலையிறங்கும்போது அவருடைய வலது கண்மேல் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தேன். வழியெல்லாம் நினைவோடுதான் இருந்தார். கண் மட்டும் போய்விடக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் என்றார்கள். ஜெனரல் அனஸ்தீசியா கொடுக்கப்போவதாக மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா சொன்னார். எங்கள் பக்கத்தில் எல்லாமே மயக்க ஊசிதான். விரலில் தையல் போடும்முன் மரத்துப்போகப் போடுவதும் அதுதான், என் பிரசவத்தில் முதுகில் போட்டதும் அதுதான். அன்றைக்கு இடுப்புக்குக் கீழே மரத்திருந்ததே தவிர, டாக்டர்கள் பேசிக்கொண்டது முழுக்க எனக்குக் கேட்டது. இவரும் அப்படித்தான் உள்ளே கேட்டுக்கொண்டு படுத்திருப்பார் என்று நினைத்தபடி வெளியே உட்கார்ந்திருந்தேன்.

நடுவில் அந்த டாக்டரம்மாவே வெளியே வந்து என்னைக் கூப்பிட்டார். கண் உள்ளே சிதைந்துவிட்டது, தைக்க எதுவும் மிச்சமில்லை, விட்டுவைத்தால் சீழ் பிடிக்கும், எடுக்கச் சம்மதம் வேண்டும் என்றார்.

"அவரையே ஒரு வார்த்தை கேட்டுடுங்க மேடம்," என்றேன்.

"தட்டி எழுப்புறதுக்கு இது தூக்கம் இல்லம்மா. வலியும் தெரியாது, நினைவும் இல்ல. மூச்சுகூட மெஷின்தான் விடுது. பாதியில எழுப்பி எப்படிக் கேக்கிறது? நீங்கதான் சொல்லணும்."

எடுத்துவிடுங்கள் என்றேன்.

வார்டுக்குக் கொண்டுவந்தபோது மாலையாகிவிட்டது. முகத்தில் பாதி கட்டுக்குள் இருந்தது. தொண்டைக்குள் குழாய் விட்டிருந்ததால் குரல் கம்மிப்போயிருந்தது.

"இன்னாமே, இன்னும் ஆரம்பிக்கலயா?" என்று கேட்டார்.

அவருக்கு அந்தப் பகல் நடக்கவே இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது, கண்ணை எடுத்துவிட்டார்கள் என்று நான் சொன்னதும் கையால் கட்டைத் தடவிப் பார்த்தார்.

"யார் எடுக்கச் சொன்னது?"

"நான்தான் மாமா."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வரும்வரை தண்ணீர் கேட்டதைத் தவிர என்னிடம் வேறு எதுவும் பேசவில்லை.

இப்போது சாமை விதைக்கிறார், ஜீப் கிடைத்தால் திருப்பத்தூர் போய்வருகிறார். ஒற்றைக் கண்ணோடு வேலைகள் பழகிவிட்டன. கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால் கரடியைப் பற்றிச் சொல்வதே இல்லை.

"மயக்கத்துல எடுத்துட்டாங்க," என்பார். பக்கத்தில் நின்றிருந்தால் நான் மெல்ல நகர்ந்துவிடுவேன்.