கவர் டாக்டர்

கவரைக் கிழிப்பதற்கு முன் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். உள்ளிருக்கும் சீட்டு தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் தடித்த பழுப்புக் கவராக அவரே தேடி வாங்கினார். இருந்தாலும் பார்ப்பார்.

மயக்கவியல் மேற்படிப்பில் மூன்றாம் ஆண்டு. ‘கவர் டாக்டர்’ என்பது நர்சுகள் வைத்த பெயர். அது காதில் விழுந்த ஓர் அப்பா சட்டைப்பையைத் தடவ, “ஐயோ, அந்தக் கவர் இல்லீங்க!” என்று இவர் பதறியதும் உண்டு.

பட்டம் வேண்டுமென்றால் ஓர் ஆய்வை முடித்தாக வேண்டும். அறுவைக்கு முன் என்ன நடக்கப்போகிறது என்று ஐந்து நிமிடம் பேசினால் குழந்தையின் அழுகை குறையுமா? இதுதான் இவருடைய கேள்வி. குழந்தைக்கு ஒரு கவர், குலுக்கிப் போட்டு எடுப்பது. உள்ளே சீட்டில் ‘பேசு’ என்றிருந்தால் பேச வேண்டும். ‘பேசாதே’ என்றிருந்தால் வழக்கம்போல விட்டுவிட வேண்டும். வழக்கம் என்பது யாரும் பேசாமலிருப்பது.

நெறிமுறைக் குழு மூன்று முறை கூடாமலே கலைந்தது. அனுமதி வந்த வாரம் இவருக்கு வேறு பிரிவில் டூட்டி. திரும்பி வந்தால் அறுவை நிபுணர் வாசலில் நின்றுகொண்டு, “இன்னும் கதை முடியலையாம்மா? எனக்கு உள்ள நாலு கேஸ் நிக்குது” என்பார். ஐந்து நிமிடம் மூன்றாகி, மூன்று ஒன்றரை ஆனது. ஆராய்ச்சிக்கென்று வியாழன் மதியத்தை ஒதுக்கித் தந்திருந்தார்கள். வியாழன் மதியம் குழந்தைகளுக்கு அறுவை கிடையாது.

எண்பது குழந்தைகள் தேவை. ஒன்றரை வருடத்தில் நாற்பத்தொன்றுதான் சேர்ந்தது. தாள்களோடு புள்ளியியல் ஆசிரியரிடம் போனார்.

“ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கே? நீ பேசாம விட்ட பிள்ளைங்களும் அழலையே?”

“அவங்ககிட்டயும் பேசிட்டேன் சார்.”

“எத்தனை பேர்கிட்ட?”

“இருபது.”

“பேசாத பக்கமே இருபது பேர்தானம்மா!”

“கையப் புடிச்சுக்கிட்டா என்ன சார் பண்றது?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

வழிகாட்டிப் பேராசிரியை விவரம் தெரிந்தவர். கதவைச் சாத்திவிட்டு, “பேசலைன்னே போட்டுடு. யாரு வந்து கேக்கப் போறா?” என்றார்.

“அப்படிப் போட்டா, பேசினாலும் பேசலைன்னாலும் ஒண்ணுதான்னு முடிவு வரும் மேடம். அதைப் படிச்சிட்டு அப்புறம் யாருமே பேச மாட்டாங்க.”

இருபது தாளிலும் ‘விதிமீறல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போனது. “உன்கூடப் படிச்சதுங்க எல்லாம் போர்டு மாட்டிடுச்சுங்களே” என்று அம்மா போனில் ஒரு பாட்டம் அழுதார். அவரிடமும் ஐந்து நிமிடம் பேச வேண்டியிருந்தது.

இப்போது புது ஏற்பாடு. ‘பேசாதே’ வந்தால் இவர் காத்திருப்பு அறைக்குள்ளேயே போகக் கூடாது. மயக்க மருந்தை வேறொருவர் கொடுப்பார்.

நேற்றுக் காலை ‘பேசாதே’ வந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், காதில் அறுவைக்காக வந்திருந்த நான்கு வயதுப் பெண், கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். இவர் கதவுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றார். கழுத்தில் கிடந்த ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து இரண்டு காதுகளிலும் மாட்டிக்கொண்டார். அதன் மறுமுனையை எதன் மேலும் வைக்கவில்லை. கைக்குள் வைத்து இறுகப் பொத்திக்கொண்டார்.