சாவியைக் கொடுத்தது யார்

காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஐந்தரைக்கு வரும். மத்திகிரியில் எங்கள் வாடகை வீட்டிலிருந்து அது நிற்கும் இடம் ஒன்றரைக் கிலோமீட்டர். ஸ்கூட்டரை அங்கே விட்டுப் போனால் மாலையில் பெட்ரோல் இருக்காது. அதனால் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் பின்னால் உட்கார்ந்து வருவாள். நான் பஸ் ஏறியதும் வண்டியைத் திருப்பி ஓட்டிப் போவாள். அந்த நிறுத்தத்தில் பாதி வண்டிகளை வீட்டுக்குக் கொண்டுபோவது பிள்ளைகள்தான். அதை யாரும் தவறாக நினைத்ததில்லை.

“ஒம் பொண்ணு சீக்கிரம் ட்ரைவர் சம்பளம் கேக்கப் போறா பாருக்கா,” என்பாள் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கைக்காரி.

அன்று கம்பெனி வாசலில் வருகைக்கு விரல் வைத்துவிட்டு, போனை லாக்கரில் வைக்கப் போகும்போது அது அடித்தது, கணவர். இரவு ஷிப்டு முடித்து நடந்து வந்த ஒரு பெண்மேல் மகள் மோதிவிட்டாள். மகளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அந்தப் பெண்ணுக்கு வலது காலில் எலும்பு முறிவு. கல்லாவியிலிருந்து வந்து தம்பியோடு தங்கியிருப்பவர். காண்ட்ராக்டில் வேலை, எட்டு மணி நேரமும் நின்றபடி. நிற்க முடியாதவருக்கு அந்த வேலை இல்லை.

ஆஸ்பத்திரி வாசலிலேயே கணவர் சொன்னார்: “நீதான் ஓட்டினேன்னு சொல்லிரு. ஒனக்கு லைசென்ஸ் இருக்கு. புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது.”

தலையாட்டினேன். அன்று முழுவதும் அந்தப் பொய்யை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த இடத்தில் பிரேக் பிடித்தேன், அவர் எந்தப் பக்கம் இருந்தார்.

மறுநாள் ஓசூரில் ஒரு வக்கீலைப் பார்த்தோம்.

“வண்டி யார் பேர்ல இருக்கு?”

“எம் பேர்லதாங்க.”

“சாவியக் குடுத்தது?”

“நான்தான்.”

“அப்ப பொறுப்பும் உங்களுதுதாம்மா. பொண்ணு மைனர். நஷ்டஈடு வண்டிக்காரங்ககிட்டதான் கேப்பாங்க. இன்சூரன்ஸ் அந்தம்மாவுக்குக் குடுத்தாக்கூட, அப்புறம் உங்ககிட்ட வசூல் பண்ணப் பாக்கும்.”

“இவளே ஓட்டினதா எழுதிட்டா?” என்றார் கணவர்.

வக்கீல் சிரித்தார். “கம்பெனி பஸ்ல போயி விரல் வெச்சவங்க, அதே நேரத்துல மத்திகிரியில வண்டி ஓட்டினாங்களா? அந்தப் பொய் உடைஞ்சா அந்தம்மா கேஸும் சேந்து இழுக்கும். எத்தனை வருசம்னு யாருக்குத் தெரியும்?”

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் பெண் முதலில் என் மகளைப் பற்றித்தான் கேட்டார். “பாப்பாவுக்குக் கை எப்பிடிங்க இருக்கு?” பிறகு, “காண்ட்ராக்டர் எம் எடத்துக்கு வேற ஆளு போட்டுட்டாருங்க” என்றார்.

அவர் தம்பி என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: “யாரு ஓட்டினாங்கன்னு எழுதப் போறீங்கக்கா?”

அங்கிருந்து கிளம்பி வந்துவிட்டேன். நான் ஓட்டியதாகச் சொல்லப் போகிறோம் என்பது அவர்கள் காதுக்கும் போயிருந்தது.

மாலையில் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். வண்டி என்னுடையது. ஓட்டியது என் மகள், வயது பதினாறு. சாவியைக் கொடுத்தது நான், தினமும் நான்.  கணவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மகள் மட்டும், “என்னைய விசாரிக்க எங்க கூப்பிடுவாங்கம்மா?” என்று கேட்டாள். சிறார்களை விசாரிக்கும் இடம் தனி, கூட நானும் வருவேன் என்றேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

அடுத்த வாரம் நிறுத்தத்துக்கு நடந்து போனேன். பக்கத்து இருக்கைக்காரி வண்டியை மகனிடம் கொடுத்துவிட்டு ஏறி வந்து உட்கார்ந்தாள்.

“எதுக்குக்கா நீயாப் போயி மாட்டிக்கின?”

“கால் ஒடைஞ்சது அவங்களுதுடி.”

 பஸ் திரும்பும்வரை அவள் தன் மகன் போன திசையையே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.