சுருக்கத் தெரியாதவள்

குழாயில் இரண்டு கையையும் நனைத்துக்கொண்டு, தான் எழுதிய தாளை முழங்கையால் அமுக்கிப் பிடித்துப் படிப்பாள். வாஷிங் மெஷினோடு வருகிற விளக்கப் புத்தகத்தை இங்கிலீஷிலிருந்து இத்தாலியனுக்கு மாற்றுவது அவள் தொழில். ஈரக் கையோடு நிற்கிறவருக்குப் புரியாவிட்டால் அந்தத் தாள் குப்பைக்குப் போகும்.

எனக்கு அவள் பெரியம்மா மகளின் இளைய மகள். தாய் இத்தாலிக்கு வீட்டு வேலைக்குப் போனபோது கூடவே போய், அங்கே பத்து வருஷம் படித்தவள். முகத்தில் சிரிப்போ அழுகையோ தங்காது. புருஷனிடமே, "முதல்ல செருப்பக் கழட்டுங்க. கழட்டிட்டு உள்ள வாங்க" என்றுதான் பேசுவாள்.

இங்கிலீஷ்காரன் 'மேலே சொன்னபடியே' என்று ஒரு வரியில் முடித்திருப்பான். இவள் மேலே சொன்ன பன்னிரண்டு வரியையும் திரும்ப எழுதுவாள். ஆபீசில் பட்டப்பெயர் 'மறுபடி'. "மறுபடி மேடம், பேப்பர் தீந்துபோச்சு" என்று மேலாளர் குத்திக்காட்டுவார். "தண்ணி ஒழுகிட்டு இருக்கு சார். அவன் எங்க போய் மேல தேடுவான்?" என்பாள்.

போன மாதம் என் தம்பி மகனுக்குக் கல்யாணப் பேச்சு. பெண் இத்தாலிக்காரி. சம்மதம் சொல்வதா, மகளைத் திரும்பக் கூட்டிப்போவதா என்று பார்க்கப் பெண்ணின் தாய் வந்திருந்தார். அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. பஸ் டிப்போவில் முப்பது வருஷம் இஞ்சின் பிரித்த தம்பிக்கோ தமிழிலேயே பேச்சு வராது. பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு இன்னும் மோசம். நடுவில் இவளை உட்கார வைத்தோம்.

கல்யாணமானதும் பிள்ளைகள் இருவரும் வேலைக்காக வேறொரு தேசம் போகிறார்கள். அந்தம்மா அதைத்தான் பேசினார். மகள் படிக்க வெளியூர் போன பிறகும் மேஜையில் இரண்டு தட்டு வைக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை போன் வராவிட்டால், கெட்டுவிட்டதா என்று எடுத்துக் காதில் வைத்துப் பார்க்கிறாராம். தனக்கு ஒன்று என்றால் மகளுக்கு யார் சொல்வார்கள் என்றார். கால் மணி நேரம். ஒன்று விடாமல் எங்களுக்குச் சொன்னாள் இவள்.

தம்பி தொண்டையைச் செருமினான். வெளிநாட்டு அம்மாவிடம் தமிழ் எடுபடாது என்று நினைத்தானோ என்னவோ, "சேம் ஹியர்" என்றான், எனக்கும் அதேதான் என்று. அவ்வளவுதான்.

நான் அவன் தொடையைக் கிள்ளினேன். அந்தம்மா முகம் சுண்டிப்போய்க் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அதற்கு இத்தாலியனிலும் இரண்டு வார்த்தை போதுமாம். இவள் அதைத் தொடவில்லை. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடங்கினாள். இரண்டு விரலைக் காட்டினாள். காதில் கையை வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தேன், அதே கால் மணி நேரம்.

"நான் இவ்வளவு சொல்லலையேடி!" என்று தம்பி பதறினான்.

"சொன்னீங்க மாமா, சுருக்கமாச் சொன்னீங்க. அவங்க சொன்னதுல மகள்னு இருந்த இடத்துல மகன்னு போட்டேன். எது தப்புன்னு சொல்லுங்க, எடுத்துடறேன்."

தம்பி எதையும் எடுக்கச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றினான்.

அந்தம்மா மேஜைக்கு மேலாகக் கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார்.

"கல்யாணம் எந்த மாசம்னு கேக்கறாங்க" என்றாள் இவள்.

பிறகு எழுந்து, தன் நாற்காலியை அவர்கள் நடுவிலிருந்து தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரோரம் போட்டாள்.