காலை எடுத்தவன்

பனையில் கட்டிவைத்து மச்சானை அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தேன்.

ஒவ்வொரு அடிக்கும் என் கையிலிருந்த ஸ்பேனர் வழுக்கியது. ஈரத் தாம்புக்கயிறு உடம்பில் விழும் சத்தம், கரையில் துணி துவைக்கும் சத்தத்தைப் போலவே இருக்கும். இன்றைக்கும் யாராவது துணியை ஓங்கி அடித்தால் நான் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுகிறேன்.

மச்சான் என் அக்காளின் புருஷன். மண்டபத்துச் சம்மாட்டியின் மீன் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். சம்மாட்டிக்கு ஏழெட்டு வள்ளங்கள், முப்பது ஆள்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே கோபம். உலகப் போர் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஏலத்தில் தள்ளிய எட்டு சிலிண்டர் காரை எடுத்துவந்து என்னிடம் விட்டிருந்தார். நான் அதன் முதுகை அறுத்து ஐஸ் பெட்டி வைத்தேன். எஞ்சினின் தலையை ராவி அழுத்தத்தைக் கூட்டினேன். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு. சைலன்சரைக் கழற்றி எறிந்தேன். அது ஊருக்குள் போனால் கோழிகள் கூரை ஏறும்.

அவ்வளவும் எதற்கு? இராமநாதபுரம் மீன்கடையில் எந்த வண்டி முதலில் கூடையை இறக்குகிறதோ, அதற்குத்தான் விலை. இரண்டாவது வண்டிக்கு ஈ. புதுமடத்துக்காரனிடமும் ஒரு கார் இருந்தது. ஒரு வாரமாக அவனே முந்திக்கொண்டிருந்தான். அதுவும் ஒரே இடத்தில், உச்சிப்புளி தாண்டி ரோடு நேராக நீளும் இடத்தில். அங்கே மச்சான் முழுதாக மிதித்ததும் வண்டி இருமும், திக்கும், பின்னால் டமார் என்று வெடிக்கும். வேகத்தைக் குறைத்தால் பூனைபோல ஓடும்.

"இங்கன நல்லா ஓடுது, அங்கன போனா மட்டும் படுக்குதா? மிஸ்ஸிங்காம்ல மிஸ்ஸிங்! ஏலே, புதுமடத்தான் காசை நீட்டுனான், நீ மிதியிலருந்து காலை எடுத்த. அதானே?" என்றார் சம்மாட்டி.

"என் பிள்ளை மேல சத்தியமா மிதிச்சேன் சம்மாட்டி. காலை எடுக்கவே இல்ல."

அதற்கு ஒரு அடி.

பிறகு சம்மாட்டி என் பக்கம் திரும்பினார். "வள்ளம் கரைக்கு வாரதுக்குள்ள கோளாறைக் காட்டு. காட்டலைனா உன் மச்சான் வலது கையை வலைக்கல்லுல வச்சு நசுக்குவேன். அப்புறம் அவன் எந்த வண்டி ஓட்டுறான்னு பார்ப்போம்."

கடலில் பாய்கள் தெரியத் தொடங்கியிருந்தன.

பெட்ரோலைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். குழாயைக் கழற்றி ஊதினேன், துணியில் வடிகட்டினேன். சுத்தம். கார்புரேட்டர் துளைகளும் சுத்தம். பிளக்குகளைக் கழற்றி வரிசையாகச் சாக்கில் வைத்தேன். எட்டும் ஒரே மாதிரி கரி பிடித்திருந்தன. ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அந்த ஒரு சிலிண்டர் குற்றவாளி. எட்டும் கறுத்திருக்கின்றன என்றால், எட்டுக்கும் பொதுவான ஒன்று பொய் சொல்கிறது. எட்டுக்கும் பொறியைப் பங்கு வைக்கும் டிஸ்ட்ரிபியூட்டர்!

"சம்மாட்டி, நீங்களே ஏறி உக்காருங்க. கியரை நானே போட்டுத் தாரேன். நான் சொல்லும்போது இடது காலை எடுத்துட்டு, வலது காலால முழுசா மிதிங்க."

பிளக்குகளைத் திரும்ப மாட்டி, வண்டியின் மூக்கை ஒரு மொட்டைப் பனையில் முட்டக் கொடுத்து நிறுத்தினேன். பக்கவாட்டில் குனிந்து, கோணிச் சாக்கால் தலையையும் எஞ்சினையும் சேர்த்து மூடிக்கொண்டேன். உச்சி வெயிலில் எனக்கென்று ஒரு கைப்பிடி இருட்டு. "மிதிங்க!"

எஞ்சின் அலறியது. பின்சக்கரங்கள் மணலைக் கிழித்து வாரி இறைத்தன. பனை முனகியது. வண்டி இருமியது, திக்கியது, வெடித்தது. சம்மாட்டியின் கால் மிதித்தபடியே இருந்தது. அவர் காலுக்கு யாரும் காசு நீட்டவில்லை. அப்போது கண்டேன்: டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல் நீலப் பாம்புக்குட்டி ஒன்று நெளிந்து ஓடியது. சிலிண்டருக்குள் வெடிக்க வேண்டிய பொறி மூடியின் மேல் ஊர்ந்து இரும்பில் இறங்கிச் செத்துக்கொண்டிருந்தது.

மூடியைக் கழற்றி முகர்ந்தேன். சுறா எண்ணெய். கரையே அந்த வாடைதான், அதனால்தான் இத்தனை நேரம் என் மூக்கு அதைப் பிரித்து அறியவில்லை.

"இதுல எண்ணெய் தடவுனது யாரு?"

எண்ணெய்த் துணி சம்மாட்டியின் இடுப்பில்தான் செருகியிருந்தது. வாரம் தவறாமல் தன் வள்ளங்களுக்குத் தன் கையாலேயே சுறா எண்ணெய் பூசுகிறவர் அவர். அதே கையோடு காருக்கும் பூசியிருக்கிறார், உள்ளும் புறமும், பிள்ளைக்குத் தேய்ப்பதுபோல.

"பூசலைனா உப்பு தின்னுரும்லடா?" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"மரம் குடிக்கும் சம்மாட்டி. இது குடிக்காது. சூட்டுல எண்ணெய் கருகி, இந்தா, மூடியில கோடு விழுந்திருக்கு பாருங்க. மெதுவாப் போனா பொறி எப்படியோ தாண்டிருது. முழுசா மிதிச்சா உள்ள அழுத்தம் கூடுது, தாண்ட முடியல. கருகுன கோட்டு வழியா ஓடிருது."

கோட்டைக் கத்தியால் சுரண்டினேன். பெட்ரோலில் கழுவினேன். உள்ளே இருந்த பாயிண்டுகளை உப்புத்தாளால் தேய்த்தேன். கட்டை அவிழ்க்கச் சொல்லிச் சம்மாட்டி கண்ணைக் காட்டினார். வருத்தம் தெரிவிப்பது அவர் குலத்திலேயே இல்லை.

மச்சான் நடந்துவந்தார். ஒரு கண் மூடியிருந்தது, உதடு கிழிந்திருந்தது. ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். "ஏறுங்க சம்மாட்டி. நேர் ரோடு வரைக்கும் போய் வருவோம்."

நான் காலி ஐஸ் பெட்டிக்குள் ஏறிப் பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

உச்சிப்புளி பின்னால் போனது. மச்சான் முழுதாக மிதித்தார். எஞ்சின் இருமவில்லை. ஒரே மூச்சாக அலறியது. உடைமரங்கள் பச்சைக் கோடாகின, காற்று என் கன்னத்தில் அறைந்தது, வெள்ளாட்டு மந்தை ஒன்று வெடித்துச் சிதறியது.

"போதும்டா" என்றார் சம்மாட்டி. பிறகு, "ஏலே, போதும்!" பிறகு மாதாவைக் கூப்பிட்டார்.

மச்சான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பிரேக்கில் எழுந்து நின்றார்.

சம்மாட்டியின் முகம் முன்தகட்டில் மோதிய சத்தம் எஞ்சின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. மூக்கிலிருந்து ரத்தம் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. இடுப்பிலிருந்த எண்ணெய்த் துணியை உருவி மூக்கில் பொத்திக்கொண்டார்.

புழுதி அடங்கும் வரை மச்சான் காத்திருந்தார்.

"காலை எடுத்தேன்னு சொன்னீகள்ல," என்றார். "இப்பத்தான் சம்மாட்டி எடுத்தேன்."

சாவியை அவர் மடியில் போட்டுவிட்டு இறங்கி, மண்டபத்தைப் பார்த்து நடந்தார். நானும் இறங்கிப் பின்னால் நடந்தேன். சம்மாட்டிக்கு வண்டி ஓட்டத் தெரியாது.