தம்பி சிரிக்கத் தொடங்கியபோது

எங்கள் அண்ணன் சிரிப்பால்தான் செத்துப்போனான் என்று சிறுவயதில் நான் உறுதியாக நம்பியிருந்தேன். டாக்டர் காய்ச்சல் என்றார். அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயரும் சொன்னார். பேகம்பூரில் எங்கள் வீட்டில் யார் வாயிலும் அந்தப் பெயர் நுழையவில்லை. அம்மா சொன்ன காரணம் சுலபமாக நுழைந்துவிட்டது.

நோன்பு மாதம் முழுக்க விடியுமுன் தெருவில் தாயிரா மேளம் தட்டிப் பாடி எங்களை எழுப்பிய பக்கீர், பெருநாளன்று வீடு வீடாக அரிசி வாங்க வந்தார். அவர் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், அண்ணன் தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டு அவரைப் போலவே மூக்கால் பாடினான். தோல் மண்டியில் யாரிடமும் பல்லைக் காட்டாத அத்தாவே விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"போதும்ப்பா. இம்புட்டுச் சிரிப்பு ஆகாது, பின்னால அழுக வச்சுரும்" என்றாள். எல்லா வீட்டிலும் சொல்வதுதான்.

இரண்டு நாளில் அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டது. ஜட்கா வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிரோடு திரும்பவில்லை. துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அம்மா ஒன்றையே சொல்லி அழுதாள்: "அன்னைக்கு அம்புட்டுச் சிரிச்சோமே, அதான்."

அதன்பின் எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தால் உள்கன்னத்தைக் கடித்துக்கொள்வேன். பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கிடைத்த பென்சில் பெட்டியைக்கூட, சந்தோஷப்படப் பயந்து பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன். "வாய் தொறக்காத பிள்ளை, போற எடத்துல பேரெடுக்கும்" என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். பிள்ளைக்கு மனசில் ஏதோ சரியில்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுவருஷம் தம்பி பிறந்தான். முகம் பார்க்கத் தொடங்கியதும் அவன் எல்லாரையும் விட்டுவிட்டு என்னைக் கண்டால்தான் சிரிப்பான். பொக்கை வாயைத் திறந்து, கைகாலை உதறிக்கொண்டு சத்தமாகச் சிரிப்பான். எனக்கு உயிர் போய் உயிர் வரும். உள்கன்னத்தைக் கடித்துக்கொள்ள அவனுக்குப் பல்லும் இல்லை. அதனால் அவன் சிரிக்கும்போதெல்லாம் தொடையில் கிள்ளினேன். வீறிட்டு அழுவான். அப்பாடா என்று இருக்கும்.

குளிப்பாட்டும்போது அம்மா சிவந்த தடங்களைப் பார்த்தாள். எறும்பு கடித்திருக்கும் என்று தொட்டில் துணியை உதறி வெயிலில் போட்டாள். ஒரு மத்தியானம் நான் கிள்ளுவதையே பார்த்துவிட்டாள். என் முதுகில் நாலு வைத்தாள்.

"பச்சப்பிள்ளையப் போயி கிள்ளுவியா? அம்புட்டுப் பொறாமையாடி ஒனக்கு?"

அடிகூடப் பெரிதாகத் தெரியவில்லை. பொறாமை என்றதுதான் பொறுக்கவில்லை.

"சிரிக்கிறாம்மா. விட்டா செத்துருவான்" என்றேன்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. "யாருடி சொன்னா?"

"நீதாம்மா."

அம்மா என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். "இல்லடி. சிரிச்சா ஒண்ணும் ஆகாது. அம்மா ஏதோ தாங்க மாட்டாமச் சொல்லிட்டேன்" என்றபடி விலாவில் விரல் வைத்துக் கிச்சுகிச்சு மூட்டினாள். அக்குளில், கழுத்தில், உள்ளங்காலில் என்று எங்கெல்லாமோ மூட்டினாள். என் உடம்பு துள்ளியது. வாயை மட்டும் நான் திறக்கவில்லை.

"சிரிடி. அம்மாவுக்காக ஒரே ஒரு தடவ சிரிடி" என்று கெஞ்சினாள்.

என்னைச் சோதித்துப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். தம்பியின் உயிர் என் வாயில் இருந்தது. நான் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் அவள் என் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அம்மா அழுகிறாள், இனி வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.