அக்காவின் புகாரைத் தேடி மதராசில் இரண்டு நாள்

போன வாரம் ஒரு வாசகி எழுதியிருந்தார். மகளைக் கல்யாணம் செய்து ஏமாற்றியவன் வேறு மாநிலத்துக்காரனாம். புகார் கொடுத்து ஐந்து மாதம் ஆகிறதாம். நேரில் போனால் பலன் உண்டா, மகளையும் அழைத்துப்போகலாமா என்று கேட்கிறார். அவருக்குப் பதிலாக, எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி மாதம் நானும் அக்காவும் மதராசுக்குப் போய்வந்ததை எழுதுகிறேன். வழக்கமான என் பதிவுகளைப் போலக் கோயிலோ கடற்கரையோ இதில் வராது.

எங்கள் ஊர் கோலார் தங்கவயல், அப்போது மைசூர் மாநிலம். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். அப்பா சுரங்கத்தில் உழைத்து நெஞ்சு கெட்டுப் படுத்திருந்தார். நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. அக்கா சாந்தாவைத் தை மாதம் பாஸ்கரன் என்பவனுக்குக் கட்டிக்கொடுத்தோம். மதராசில் ஏற்றுமதிக் கம்பெனி, மயிலாப்பூரில் சொந்த வீடு என்று தரகர் சொன்னார். கோட்டுப் போட்ட படம் ஒன்றையும் காட்டினார். இரண்டு மாதம் எங்கள் வீட்டிலேயே இருந்தான். பங்குனியில் ஒரு நாள் அக்காவின் நகைகளோடு கிளம்பியவன் திரும்பவில்லை.

எங்கள் ஊர்ப் போலீசில் புகார் எழுதிக்கொண்டார்கள். "மதராசுக்கு எழுதியாச்சும்மா. அவங்க பதில் போட்டாத்தான் மேல போகமுடியும்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். மாதாமாதம் போய்க் கேட்டோம், மாதாமாதம் இதே பதில். ஏழாவது மாதம் அக்காதான், "நாமளே போய்க் கேப்போம்" என்றாள்.

காலை ஐந்து நாற்பதுக்கு மாரிக்குப்பத்தில் ஏறினோம். பதினாறு கிலோமீட்டர் தள்ளி பங்காருப்பேட்டையில் வண்டி மாறி, அங்கிருந்து சென்ட்ரலுக்கு இருநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு எட்டு ரூபாய் நாற்பது காசு. காட்பாடி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலை இறக்கிவிட்டு அக்கா, "அவருக்கு விபத்து ஏதாவது ஆகியிருக்குமோ?" என்றாள். அவள் நகையைத் தேடி வரவில்லை, அவனைத் தேடித்தான் வருகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சென்ட்ரலில் இறங்கும்போது மணி இரண்டு. மயிலாப்பூர் ஆறு கிலோமீட்டர்தான், ஆனால் பஸ் எதுவும் சரியாக ஓடவில்லை. விலாசத்தைக் கேட்ட ஒரு ரிக்‌ஷாக்காரர், "கோயில் கொளத்தாண்டையா? ரெண்டு ரூவா குடும்மா. முட்டி வரைக்கும் தண்ணி கீது" என்றார். ஏறிக்கொண்டோம்.

பாஸ்கரன் கொடுத்த விலாசத்தில் வீடு இருந்தது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் கதவைத் திறந்து, நனைந்து நின்ற எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். படத்தை வாங்கிப் பார்த்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"இவன் இந்த ஆத்துல இருந்ததே இல்லம்மா. போன கார்த்திகையில நெல்லூர்லேர்ந்து ஒருத்தர் பொண்ணை அழைச்சுண்டு வந்தார், இதே விலாசத்தைத் தேடிண்டு. அவர் சொன்ன பேர் வேற. படம் இதேதான்."

"போன கார்த்திகையா?" என்று அக்கா கேட்டாள். தனக்குக் கல்யாணமாவதற்கு இரண்டு மாதம் முந்தி என்று அவள் கணக்குப் போட்டது எனக்குத் தெரிந்தது. "இல்ல, வேற யாராவது இருக்கும். கோட்டு எல்லார்கிட்டயும் இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்று வடபழனியில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் தங்கினோம்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு, எங்கள் ஊர்க் கடிதம் போயிருந்த காவல் நிலையம். எந்த நிலையம் என்று எழுதப்போவதில்லை. கோவிந்தராஜுலு என்ற ஏட்டு எங்களைப் பார்த்து, "இன்னாம்மா, எந்த ஊரு?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அலமாரியைத் திறந்து, 'வெளி மாநிலம்' என்று எழுதிச் சணலால் கட்டிய கட்டுகளைக் கீழே இறக்கினார். தேடித் தேடி ஒன்றரை மணிநேரம் கழித்து எங்கள் கடிதம் வந்தது.

மேலே ஆங்கிலத்தில் இரண்டே வரி: இணைப்பைப் பார்த்து நடவடிக்கை எடுக்கவும். இணைப்பு அக்காவின் வாக்குமூலம், ஆறு பக்கம், கன்னடத்தில். ஓரத்தில் 'மொழிபெயர்ப்புக்கு' என்று சிவப்பு மசியில் யாரோ எழுதியிருந்தார்கள்.

"கன்னடம் படிக்கிற ஆளு இங்க கெடையாதும்மா. அனுப்பணும்னு எழுதிக்கீறாங்க. அப்புறம் அனுப்பல" என்றார் ஏட்டு. அவர் குரலில் மழுப்பல் இல்லை.

நெல்லூரிலிருந்து ஏதாவது வந்ததா என்று கேட்டேன். அதே கட்டில் இன்னும் அடியில் அதுவும் இருந்தது. தெலுங்கில் நாலு பக்கம், ஊக்கு குத்திய அதே படம்.

"எங்க வூட்ல தெலுங்குதான்" என்றபடி படிக்க ஆரம்பித்தார்.

"அப்போ நீங்களே படிச்சிருக்கலாமே ஐயா?" என்றேன்.

"இந்தக் கட்டு எங்கைக்கு வரவே இல்லியேம்மா. நானு ரோட்டு டூட்டில நின்னுக்கினு இருந்தேன்."

பெஞ்சில் உட்கார்ந்து அவர் தெலுங்கைத் தமிழில் சொன்னார், நான் கன்னடத்தைத் தமிழில் சொன்னேன். இடது புருவத்தில் தழும்பு. இங்கேயும் அங்கேயும். அம்மாவுக்குப் பம்பாயில் ஆபரேஷன் என்று அவன் அழுதது, இரண்டிலும். கிளம்பும்போது, "என் அம்மாவைக் காப்பாத்தினா நீதான் எனக்குத் தெய்வம்" என்று காலைத் தொட்டது. அக்காவிடம் அவன் சொன்ன அதே வரியை ஏட்டு நெல்லூர்ப் புகாரிலிருந்து சொல்லி முடித்தபோது அக்கா எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள். மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பின்னாலேயே போகவில்லை.

படத்தின் பின்புறம் பாண்டி பஜார் ஸ்டுடியோ ஒன்றின் முத்திரை இருந்தது. இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டு ஏட்டே எங்களோடு வந்தார். நாலு கிலோமீட்டர், பஸ்ஸில் இருபது காசு. "போன மாசம்கூட அதே கோட்டுல பத்து காப்பி போட்டுக்கினு போனாரு" என்றார் ஸ்டுடியோக்காரர். ரசீதுப் புத்தகத்தில் அடையாறு விலாசம், மூன்றாவதாக ஒரு பெயர். அங்கே போய்ச் சேர மாலை நாலு மணி ஆகிவிட்டது. அறை காலி. "திங்கட்கிழமை போனாரு. பாலக்காட்டுல தனக்குக் கல்யாணம்னு சொல்லிப் பத்திரிகை குடுத்தாரு" என்று வீட்டுக்கார அம்மாள் எடுத்துக் காட்டினார். முகூர்த்தம் நாளை மறுநாள்.

ஏட்டு அங்கிருந்தே தபாலாபீசுக்கு ஓடிப் பாலக்காட்டுப் போலீசுக்குத் தந்தி கொடுத்தார். தந்தி அன்று மாலையே போய்ச் சேர்ந்தது என்று பிறகு தெரிந்தது. ஆனால் மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்பதற்கு எழுத்தில் உறுதி வேண்டும் என்று அங்கே காத்திருந்திருக்கிறார்கள். கல்யாணம் நடந்தது. இரண்டு நாள் கழித்து அவனைப் பிடித்தார்கள்.

அடுத்த ஆண்டு அடையாளம் காட்டப் பாலக்காட்டுக் கோர்ட்டுக்குப் போனோம். அவனுக்குத் தண்டனை கிடைத்தது; எங்கள் நகை கிடைக்கவில்லை. வராந்தாவில், அவன் கடைசியாகக் கட்டிய அந்தப் பாலக்காட்டுப் பெண் அக்காவிடம் வந்தாள். பத்தொன்பது வயதிருக்கும். "முன்னாலயே தெரிஞ்சிருந்தும் ஏன் யாரும் எங்ககிட்ட சொல்லல?" என்றாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

ஆகவே, வாசகிக்கு: போங்கள். உங்கள் ஊரில் கொடுத்த புகாரின் நகலையும், அந்த ஊர்க்காரர்கள் படிக்கும் மொழியில் ஒரு பிரதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயரை நம்பித் தேடாதீர்கள். படம், தழும்பு, அவன் பேசிய வார்த்தைகள், இவற்றை வைத்துத் தேடச் சொல்லுங்கள். வேறு ஊர்களிலிருந்து இதேபோல வந்திருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். காலையிலேயே போய்விடுங்கள். இன்றைக்குக் கணினி இருக்கிறதே என்பீர்கள். அதையும் ஓர் ஆள் திறந்துதான் பார்க்கவேண்டும்.

மகளையும் அழைத்துப்போகலாமா என்பதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நேற்று அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவளுக்கு எழுபத்தெட்டு வயது, தனியாகத்தான் இருக்கிறாள்.

"கூட்டிட்டுப் போகச் சொல்லு" என்றாள். "அன்னிக்கு அந்த ஏட்டு படிச்சதை என் காதால கேக்கலைன்னா, நான் இன்னமும் அவன் வருவான்னுதான் உக்காந்திருப்பேன்."