சரிபார்த்தவர்: தினுஷன்

இது கதை இல்லை. நம்பாதவர்கள் திகனையில் எங்கள் கம்பனிக்கு வந்து அந்த வரைபடத்தின் பதிவைக் கேட்டுப் பார்க்கலாம். நேரம், நிமிடம் எல்லாம் அதில் இருக்கிறது.

என் பெயர் அம்னா. தேயிலைத் தோட்டங்களுக்கு இயந்திரம் செய்யும் கம்பனியில் வரைபடம் வரைகிறேன். எல்லா வேலையும் ஒரு மென்பொருளுக்குள்தான். ஒருவர் வரைவார்; இன்னொருவர் கணக்கைச் சரிபார்த்து ‘அனுமதி’ கொடுப்பார். இரண்டு பெயரும் விழுந்தால்தான் பட்டறையில் இரும்பு வெட்டுவார்கள். என் வரைபடங்களைச் சரிபார்த்தவர் தினுஷன். குண்டசாலையில் பஸ் மோதி அவர் இறந்து, இது நடந்த அன்றைக்குப் பதினெட்டு நாள். எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. மரத்துப்போயிருந்தேன்.

போயா, பௌர்ணமி விடுமுறை. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் தனியாக ஒஃபிஸுக்கு வந்திருந்தேன். பகல் 1.50க்கு மனேஜர் முஹ்ஸின் நானா கோல் எடுத்தார்.

“தங்கச்சி, கலஹா தொட்டிட வரைபடம் நாளைக்கி வெட்டணும். தினுஷன்ட பாஸ்வர்ட் தெரியுந்தானே? அவர்ட பேர்ல அமத்திடுங்க.”

“அவர் இப்ப இல்லையே நானா...”

“கம்பியூட்டருக்கு அது தெரியுமா? அமத்துங்க.”

இதில் புதுமை இல்லை. ஒருவர் லீவு என்றால் அவர் பெயரில் மற்றவர் அழுத்திவிடுவோம். எல்லோருடைய பாஸ்வர்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

கலஹா தோட்டத்துக்கான அந்தத் தொட்டி, மலைச்சரிவிலிருந்து கொழுந்து மூட்டைகளைக் கம்பியில் மேலே இழுப்பது. களைத்துப்போன பெண்களும் அதில் ஏறிக்கொள்வார்கள். அது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் மூட்டைகளின் பாரத்துக்கு மட்டும்தான் கணக்குப் போட்டிருந்தேன்.

2.11. தினுஷனின் பெயரில் உள்ளே போனேன். ‘அனுமதி’ அழுத்தினேன்.

திரையில் வந்தது, ‘நிராகரிப்பு’.

மறுபடியும் அழுத்தினேன். அதே சொல். 2.14க்குத் திரையின் கீழே ஒரு சிவப்புப் புள்ளி. ‘சரிபார்த்தவரின் குறிப்பு: 1’. நான் எந்தக் குறிப்பும் எழுதவில்லை.

டிக்...

மௌஸ் அழுத்தும் சத்தம். தினுஷனின் மேசைப் பக்கமிருந்து.

அவருடைய கம்பியூட்டரின் வயரைக் கழற்றிச் சுருட்டி மேலேயே வைத்திருந்தார்கள். அவர் உட்காரும் கதிரை மேசைக்குள் தள்ளியபடி இருந்தது.

டிக்... டிக்...

முஹ்ஸின் நானாவுக்குக் கோல் எடுத்தேன்.

“எடுக்குதில்ல நானா. நிராகரிப்புன்னு வருது.”

“என்ட பாஸ்வர்ட்டப் போட்டு அந்த நிராகரிப்ப மீறி அனுப்புங்க.”

குறிப்பைத் திறந்து பார்த்திருக்கலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் முடித்துவிட்டு ஓட வேண்டும், அவ்வளவுதான் மனதில் இருந்தது.

2.26. மனேஜர் பெயரில் அனுப்பினேன்.

டிக் சத்தம் நின்றது.

கதிரை... வெளியே இழுபட்டிருந்தது.

ஓடினேன்.

ஆறு வாரத்துக்குப் பிறகு, கலஹாவில், தொட்டியைக் கம்பியோடு பிடிக்கும் கொளுக்கி வெல்டிங்கோடு பிய்ந்தது. இரண்டு பெண்கள் அதில் ஏறியிருந்தார்கள். இருவருமே பிழைக்கவில்லை. விசாரணைக்காக, கம்பியூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ரிஸ்மி அந்த வரைபடத்தின் பதிவை எடுத்தார்.

“அம்னா, தினுஷன்ட எக்கவுண்ட அவர் போன நாலாம் நாளே நான் அழிச்சிட்டேனே. நீங்க எப்பிடி உள்ளுக்குப் போனீங்க?”

பதிவில் 2.11ஐக் காட்டினேன். தினுஷனின் பெயர்தான் அதில் இருந்தது.

ரிஸ்மி அந்தக் குறிப்பைத் திறந்தார். கொளுக்கியைப் பற்றியோ கணக்கைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டு பெயர்கள் மட்டும்தான். முதல்நாள் அந்த இரண்டு பெண்களின் செத்தவீட்டில்தான் நான் முதன்முதலாகக் கேள்விப்பட்ட பெயர்கள்.

கமலம். பிரேமிளா.